ஷெட்டில் ஒன்றுக்குத்தான் இடம்

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில்
எங்கள் ஷெட் பதினெட்டடி நீளம், பத்தடி அகலம்.
சிவப்பு சான் ஸ்டார்ம் உள்ளே கிடக்கிறது,
துணி போர்த்திக்கொண்டு.
பதினான்கு லட்சம் கடனில் வந்த ஏழு சீட்டு வண்டி
வெளியே, புங்கமரத்தடியில்,
காக்கை எச்சம் வாங்குகிறது.
மாற்றி நிறுத்து என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன்.
மூன்று மாதமாக எபிநேசர்
துணியின் முனையைச் சரிசெய்கிறான்.

கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் ஒப்பிடுகிறேன்.

பெரியதில் கோடு தாண்டினால் மணி.
பெல்ட் போடாவிட்டால் மணி.
பின்னால் நாய் படுத்திருந்தால்
திரையில் நாய் தெரியும், அதற்கும் மணி.
சின்னதில் எச்சரிக்கை என்பது வாசனை.
வெல்லப்பாகு என்றால் ரேடியேட்டர்,
கருகிய ரப்பர் என்றால் பெல்ட்,
எந்த வாசனையும் இல்லையென்றால்
வண்டி ஏற்கெனவே நின்றுவிட்டது.

பெரியதில் ஏறவேண்டும்.
சின்னதில் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கவேண்டும்.
பள்ளிகொண்டா டோலில் ஒருமுறை
பூத்துப் பையன் எழுந்து எட்டிப் பார்த்து
"உள்ளே ஆள் இருக்கா?" என்றான்.
விரிஞ்சிபுரம் தாண்டும்போது
லாரியின் சக்கரம் என் காதுக்கு நேராகச் சுற்றும்.
இப்போது லாரி டிரைவரின் முகம் தெரிகிறது.
அவரும் கொட்டாவி விடுகிறார்.

செவ்வாயும் வெள்ளியும் மாமனாருக்கு டயாலிசிஸ்.
சக்கர நாற்காலி மடங்கிப் பின்னால் போகிறது,
அவர் கால் நீட்டிக்கொள்கிறார்,
திரும்பி வரும்போது தூங்கிவிடுகிறார்.
இந்த ஒரு வரிக்கு எதிராக
சின்னதின் பக்கத்தில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

அல்லது இது இருக்கிறது, எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை:
கல்யாணமாகி நாலாவது மாதம், ஏலகிரி,
ஒன்பதாம் வளைவில் கிளட்ச் கம்பி அறுந்தது.
பொன்னேரியிலிருந்து மெக்கானிக் வர மூன்று மணி நேரம்.
தடுப்புச் சுவரில் உட்கார்ந்து
ஆம்பூரில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தோம்.
குரங்குகளுக்குக் கத்தரிக்காயில் விருப்பமில்லை.
நிச்சயத்தன்று சொன்ன சம்பளத்தில்
நாலாயிரம் பொய் என்று அங்கேதான் சொன்னான்.
எனக்குத் தெரியும் என்றேன்.
அவன் கணக்கு எங்கள் கிளையில்தான் இருந்தது.
அவ்வளவு சத்தமாக அவன் சிரித்து
அதற்கு முன் நான் கேட்டதில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது
சித்தூரிலிருந்து ஒருவர் காத்திருந்தார்.
பானட்டைத் தட்டிப் பார்த்தார், முலாம்பழம் வாங்குகிறவர்போல.
ஒரு லட்சத்து எண்பது என்றார்.
ஹெப்சி நடுவில் புகுந்து
பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள், ஆறு வயது.
"அப்பா இங்கே, அம்மா இங்கே. என் சீட் எங்கே?"
அப்போது நீ இல்லை, என்றான் எபிநேசர்.
"நான் இல்லாமலேயா ஓட்டினீங்க?"
அவளுக்கு நிஜமாகவே கோபம்.
சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சாண் இடுக்கில்
ஞாயிறு பள்ளிப் பையைச் செருகினாள்.
இறங்க மறுத்தாள்.

இருபதாயிரம் குறைகிறது என்று அவன் அவரை அனுப்பிவிட்டான்.
குறையவில்லை. நானே விசாரித்திருந்தேன்,
முப்பதாயிரம் அதிகமாகவே சொல்லியிருந்தார்.
வாய் திறக்கவில்லை.
தவணை தேதி ஐந்து,
அன்று தேதி மூன்று.

நேற்று கொசப்பேட்டை வெல்டர் வந்து
ஷெட்டின் பக்கச் சுவரை அளந்தார்.
தகரம், நாலு தூண், கூலி எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம்.
"புது எடத்துல எந்த வண்டிங்க நிக்கும்?"

எபிநேசர் என்னைப் பார்த்தான்.
நான் புங்கமரத்தைப் பார்த்தேன்.
ஒரு மழை வரட்டும், பார்க்கலாம் என்றேன்.
காகிதத்தில் அவர் எழுதிய கூட்டலில்
நூற்றைம்பது தவறு இருந்தது.
திருத்திக் கொடுத்தேன்.